குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா, அம்மா பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. குழந்தைக்குப் பாஸ்போர்ட் என்று வருபவர்கள் பிறந்த தேதியிலோ முகவரியிலோ அதிகம் தடுமாறுவதில்லை. பெற்றோர் பெயர் வரும் பக்கம் திறந்ததும்தான் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இனிஷியலோடு வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பக்கம் அப்படி. திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். எல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. விளக்குவதற்காக ஒரு கற்பனைக் குடும்பம்: அப்பா கு. செந்தில்குமார் (அவருடைய அப்பா குப்புசாமி), அம்மா கவிதா (அவருடைய அப்பா ராமசாமி), பையன் செ. இனியன்.

அப்பா, அம்மா ரெண்டு பேர் பெயரும் கட்டாயம் போடணுமா?

சட்டப்படி ஒருவர் பெயர் போதும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியபோது அப்பா, அம்மா, சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோரில் யாராவது ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அதே வருடம் மே மாதம் தில்லி உயர் நீதிமன்றமும் ஒரு தாய் தொடுத்த வழக்கில், அப்பா பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தது.

ஆனால் இருவரும் சேர்ந்து வாழும் குடும்பம் என்றால் இரண்டு பெயரையும் போடுங்கள். ஒருவர் பெயரை விட்டால் வேறு படிவம், வேறு கேள்விகள் என்று வேலை கூடும். யாருக்கு அந்த வழி தேவை என்பதைக் கீழே பிரிந்து வாழ்பவர்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இனிஷியல் போட்டா எடுத்துக்குமா? ஆதார்ல அப்படித்தான் இருக்கு.

கூடாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எந்தப் பெயரிலும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குழந்தைக்கு மட்டுமில்லை, அப்பா பெயருக்கும் அம்மா பெயருக்கும் அதே விதி. 'செந்தில்குமார் கே' என்று போட்டால் கவுண்டரில் அந்த 'கே' என்ன என்று கேட்பார்கள்.

இரண்டு இனிஷியல் உள்ளவர்கள், அதாவது ஊர்ப் பெயருக்கு ஒன்று, அப்பா பெயருக்கு ஒன்று வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே எடுத்த பாஸ்போர்ட்டில் எப்படி விரித்திருக்கிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட்டே இல்லையென்றால் ஊர்ப் பெயரைக் குழந்தையின் தலையில் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அப்பா பெயர் போதும்.

சர்நேம்னா சாதிப் பெயரா? எங்க வீட்ல யாரும் அதெல்லாம் போடுறதில்லையே.

சாதிப் பெயர் போட வேண்டியதில்லை, யாரும் கேட்கப் போவதும் இல்லை. விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: கிவன் நேம், சர்நேம். நம் ஊர் வழக்கம் கிவன் நேமில் சொந்தப் பெயர், சர்நேமில் அப்பா பெயர். இனியன் என்பது கிவன் நேம், செந்தில்குமார் என்பது சர்நேம். அவ்வளவுதான்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விடவும் அனுமதி உண்டு. விட்டால் என்ன ஆகும் என்பது தனிக் கதை, கொஞ்சம் கீழே வருகிறது.

அப்பாவோட சர்நேமும் பையனோட சர்நேமும் ஒண்ணா இருக்க வேண்டாமா? வேற வேறயா இருந்தா ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்களாமே?

இதுதான் கடையில் அதிகம் கேட்கும் கேள்வி. பதில்: வேறு வேறாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பையனுடைய பெயர்: கிவன் நேம் இனியன், சர்நேம் செந்தில்குமார். அப்பா பெயர் என்று கேட்கும் கட்டத்தில்: கிவன் நேம் செந்தில்குமார், சர்நேம் குப்புசாமி. பையனுக்கு அப்பா பெயர் சர்நேம், அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயர் சர்நேம். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். அம்மாவின் சர்நேம் ராமசாமியாக இருந்தால் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம். தமிழ்நாட்டில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் விமானம் ஏறுகின்றன. இங்குள்ள பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

'எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும்' என்று சொல்லிப் பையனுக்கும் குப்புசாமியைச் சர்நேமாகப் போடச் சொல்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளியிலும் அவன் செ. இனியன். பாஸ்போர்ட்டில் மட்டும் இனியன் குப்புசாமி ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போது அவன்தான் சிரமப்படுவான். தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக வைக்க உண்மையிலேயே ஆசை என்றால் பிறப்புச் சான்றிதழிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.

இன்னொரு தவறு: அப்பா பெயர்க் கட்டத்தில் கிவன் நேமாகச் செந்தில்குமாரைப் போட்டுவிட்டு, சர்நேமிலும் செந்தில்குமாரையே போடுவது. பையன் பெயரைப் பார்த்து எழுதுவதால் வரும் வினை. அப்பா பெயரை எழுதும்போது அப்பாவின் பாஸ்போர்ட்டை மட்டும் எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எந்த இனிஷியலை விரிக்கிறது? அவங்க அப்பா பெயரா, என் பெயரா?

இதைக் கணவர்தான் கேட்பார், மனைவி பேசாமல் நிற்பார். அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அதில் என்ன இருக்கிறதோ அதுதான். கவிதா ராமசாமி என்று இருந்தால் குழந்தையின் விண்ணப்பத்திலும் கவிதா ராமசாமி. கல்யாணம் ஆகிவிட்டதே என்று கவிதா செந்தில்குமார் ஆக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று பாஸ்போர்ட் விதி எதுவும் இல்லை.

பாஸ்போர்ட் இல்லாத அம்மாவுக்குத்தான் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் ரா. கவிதா, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் செ. கவிதா, பிறப்புச் சான்றிதழில் வெறும் கவிதா. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பதற்றத்தில் யாரோ சொன்ன பெயர்தான் பெரும்பாலும் அந்தச் சான்றிதழில் ஏறியிருக்கும். இங்கே நான் சொல்வது: பிற்பாடு அந்த அம்மா தனக்குப் பாஸ்போர்ட் எடுத்தால் எந்தப் பெயரில் எடுப்பார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். படிப்புச் சான்றிதழெல்லாம் அப்பா இனிஷியலில் இருந்தால் கவிதா ராமசாமியே வசதி. படிப்புச் சான்றிதழ் இல்லை, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாமே கணவர் பெயரோடு என்றால் கவிதா செந்தில்குமார். எதைத் தேர்ந்தாலும் ஆதாரையும் அதற்கு ஒத்துவரும்படி மாற்றிவிட்டு விண்ணப்பம் போட்டால் கவுண்டரில் பேச்சு குறையும்.

பீவி, பேகம், மேரி போன்றவை பெயரோடு வந்தால் அவை கிவன் நேமின் பகுதிதான். அவற்றைச் சர்நேமில் தள்ள வேண்டாம்.

சர்நேமைக் காலியா விட்டுட்டா துபாய் போக முடியாதாமே?

பாதி உண்மை. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. கிவன் நேமில் 'இனியன்' என்று ஒரே சொல், சர்நேம் காலி என்றால் அந்த வகை. பிறகு வந்த விளக்கத்தில், இரண்டாவது பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்றார்கள். பெற்றோர் பெயர் அச்சாகும் அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அலட்சியமாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க விசாவில் வேறு மாதிரி. ஒற்றைப் பெயர் என்றால் அதைச் சர்நேமில் தள்ளிவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்தைக் கிவன் நேமில் அடிப்பார்கள். அப்புறம் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லா இடத்திலும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தொடரும். ஆகவே குழந்தைக்கு இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். பெற்றோரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் மட்டும், அவர்கள் பெயரை எழுதும் இடத்தில் அதே போலக் காலியாக விடுங்கள். அங்கே நாமாக எதையும் சேர்க்கக் கூடாது.

ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்ல ஒண்ணு, பிறப்புச் சான்றிதழ்ல ஒண்ணு. எதைப் போடுறது?

பெற்றோர் பெயருக்கு அவர்களுடைய பாஸ்போர்ட், குழந்தை பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கவிதாவில் 'டி'க்குப் பிறகு 'எச்' இருக்கிறதா, செந்திலில் 'எச்' எங்கே வருகிறது, செந்தில்குமார் ஒரே சொல்லா, நடுவில் இடைவெளியா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழில் ஒரே பெயர்தான், ஆங்கிலத்தில் அது கணினிக்கு வேறு ஆள்.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு 'எச்' குறைந்தால் பெரும்பாலும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். குமாரே காணோம், அல்லது அம்மா பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கிறது என்றால் விடமாட்டார்கள். அதைத் திருத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ்ல தப்பு இருக்கு, எங்க திருத்துறது? குழந்தை பெயரே இன்னும் ஏத்தலை.

பிறப்பைப் பதிந்த இடத்தில்தான் திருத்த முடியும். மாநகராட்சி, நகராட்சி என்றால் அவர்களின் சுகாதாரப் பிரிவு. மற்ற இடங்களுக்குச் சான்றிதழின் மேலேயே பதிவு செய்த அலகு எது என்று இருக்கும், பாருங்கள். 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு திருத்தத்துக்கு, 14-ஆம் பிரிவு குழந்தை பெயரைச் சேர்ப்பதற்கு. பெயர் சேர்ப்பது 12 மாதத்துக்குள் இலவசம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வருடம் வரை சேர்க்கலாம்.

2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். வேறு காகிதத்தைக் காட்டிச் சமாளிக்கும் வழி இவர்களுக்கு இல்லை. எனவே சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால், பாஸ்போர்ட் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தச் சான்றிதழை இன்று எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

திரு, டாக்டர், லேட் எல்லாம் சேர்க்கலாமா?

எதுவும் வேண்டாம். இறந்துவிட்ட அப்பாவின் பெயரையும் உயிரோடு இருப்பவர் பெயரைப் போலவே எழுதுங்கள், முன்னால் 'லேட்' போடாதீர்கள். இறப்புச் சான்றிதழைக் கையில் கொண்டு போனால் போதும்.

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. குழந்தைக்கு எடுக்க முடியுமா?

முடியும். அம்மா, அப்பா இருவருக்குமே இல்லாவிட்டாலும் முடியும். வித்தியாசம் போலீஸ் விசாரணையில்தான். பெற்றோரில் ஒருவராவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருந்தால் குழந்தைக்குப் பொதுவாக விசாரணை இருக்காது. இருவருக்கும் இல்லையென்றால் வீட்டுக்கு ஆள் வரலாம்.

விண்ணப்பத்தில் பெற்றோரின் பாஸ்போர்ட் எண் கேட்கும் இடம் உண்டு. காலாவதியான பழைய புத்தகத்தின் எண்ணைப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் அதிகம். நடப்பில் உள்ள புத்தகத்தின் எண்ணை மட்டும் போடுங்கள்.

அனெக்ஸர் டி-யில ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். அவர் குவைத்ல இருக்கார். நோட்டரி வாங்கணுமா?

அனெக்ஸர் டி என்பது இது எங்கள் குழந்தை, பாஸ்போர்ட் கொடுக்க எங்களுக்குச் சம்மதம் என்று பெற்றோர் இருவரும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. 2016 டிசம்பருக்குப் பிறகு முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அதில் எழுதும் பெயர்களும் விண்ணப்பத்தில் உள்ள பெயர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே மட்டும் பழக்கத்தில் இனிஷியல் போட்டுவிடுவார்கள், கவனம்.

அப்பா வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தன் சம்மதத்தைச் சான்றளித்து வாங்கி, அசலை ஊருக்கு அனுப்ப வேண்டும். அம்மா இங்கே அனெக்ஸர் டி-யில் கையெழுத்துப் போடுவார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்து அதை நீட்டுவதை அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள். அவருக்குப் பதிலாக மச்சான் கையெழுத்துப் போடுவதைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். அது பொய்யான உறுதிமொழி, குற்றம்.

நானும் அவரும் பிரிஞ்சு இருக்கோம். அவர் கையெழுத்துப் போட மாட்டார். அவர் பெயரை விட்டுட முடியுமா?

இதற்குத்தான் அனெக்ஸர் சி. விவாகரத்து ஆனவர்கள், வழக்கு நடக்கிறவர்கள், கைவிடப்பட்டவர்கள், இன்னொருவர் சம்மதம் தராதவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. குழந்தை தன் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதையும் மற்றவரின் கையெழுத்து ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பதிலில் சொன்னபடி, அம்மா பெயரை மட்டும் போட்டும் விண்ணப்பிக்கலாம்.

இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையெழுத்து கிடைக்காதது வேறு, பெயரை விடுவது வேறு. கையெழுத்து கிடைக்காவிட்டாலும் அனெக்ஸர் சி கொடுத்து அப்பா பெயரைப் போடலாம். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறது, பள்ளியில் அந்த இனிஷியலோடு படிக்கிறான் என்றால், கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, குழந்தைக்கு எது வசதி என்று பாருங்கள். நீதிமன்றத்தில் குழந்தையின் பொறுப்பு பற்றி உத்தரவு இருந்தாலோ, வெளிநாடு கொண்டு போகத் தடை இருந்தாலோ அதை மறைக்காதீர்கள்.

மறுமணம் பண்ணிக்கிட்டேன். இப்ப இருக்கிறவர்தான் பிள்ளையை வளர்க்கிறார். அவர் பெயரை அப்பா இடத்துல போடலாமா?

வளர்க்கிறார் என்பதால் மட்டும் போட முடியாது. பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளைக்கும் பெற்ற அப்பாவுக்கும் உள்ள உறவு சட்டத்தின் கண்ணில் அறுவதில்லை என்பதுதான் பாஸ்போர்ட் அலுவலகத்தின் நிலை. வழி மூன்று. பெற்ற அப்பாவின் பெயரையே போடுவது. அம்மா பெயரை மட்டும் போடுவது. அல்லது இப்போதைய கணவர் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுப்பது, இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் பெற்று அந்தக் கட்டத்தில் பெயர் போடுவது.

பலருக்கும் இரண்டாவது வழியே போதுமானதாக இருக்கிறது. பாட்டி, தாத்தா, சித்தி வளர்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பாதுகாவலர் என்ற கட்டத்தில் பெயர் வர நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

தத்துப் பிள்ளைக்கு யார் பெயர் போடுறது?

தத்தெடுத்தவர்கள் பெயர்தான், பெற்றவர்கள் பெயர் எங்கும் வராது. தத்து உத்தரவை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரை ஏற்றிக்கொண்டு விண்ணப்பித்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே முடிந்துவிடும். 2022 செப்டம்பர் முதல் சிறார் நீதிச் சட்டத்தின் கீழான தத்து உத்தரவுகளை மாவட்ட ஆட்சியர்தான் வழங்குகிறார்.

சப்மிட் பண்ணிட்டேன். இப்பப் பார்த்தா அம்மா பெயர்ல ஒரு எழுத்து தப்பு. பணமும் கட்டியாச்சு.

பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட் சேவா மையத்தில் முதலில் வரும் ஏ கவுண்டரில் விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டைக் காட்டி, இந்த எழுத்தை மாற்றுங்கள் என்று அப்போதே சொல்லுங்கள். சின்னத் திருத்தம் அங்கேயே ஆகிவிடும். குழந்தை அழுகிறது, பசிக்கிறது என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தால், பி, சி கவுண்டர்களைத் தாண்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. கடைசியில் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டையும் வெளியே வருவதற்கு முன் படித்துவிடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை மறக்காதீர்கள், பெயரைச் சரிபார்க்க வேண்டிய நேரத்தில் போட்டோக் கடை தேடி ஓட நேரிடும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சு. அப்பா பெயர் தப்பா அச்சாகியிருக்கு. பேனாவால திருத்திக் கொடுப்பாங்களா?

மாட்டார்கள். நீங்களும் தொடாதீர்கள். சொந்த விவரத்தில் மாற்றம் என்ற காரணத்தைக் குறித்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுப் புத்தகம், புது எண். சிறார்களுக்கான சாதாரணக் கட்டணம் 1000 ரூபாய். எட்டு வயதுக்குக் கீழே முதன்முறை எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடி இதற்குக் கிடையாது. பழைய புத்தகத்தில் விசா ஏதாவது இருந்தால் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எழுத்துத்தானே, புத்தகம் முடியும் வரை ஓட்டலாமா என்று கேட்பார்கள். 15 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். உடனே விசாவுக்குப் போகிற திட்டம் இல்லை, ஒரு 'எச்' மட்டும்தான் குறைகிறது என்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பேன். பெற்றோரோடு குடும்ப விசாவில் போகப் போகிற குழந்தை என்றால் இப்போதே மாற்றுங்கள்.

நான் கெஜட்ல என் பெயரை மாத்திக்கிட்டேன். பையன் பாஸ்போர்ட்ல பழைய பெயர் இருக்கு. அதையும் மாத்தணுமா?

முதலில் உங்கள் பாஸ்போர்ட்டைப் புதுப் பெயருக்கு மாற்றுங்கள், அதன் பிறகு பையனுடையதை. வரிசை மாறினால் மகனின் விண்ணப்பத்துக்குச் சான்றாகக் காட்ட உங்கள் கையில் புதுப் பெயரில் பாஸ்போர்ட் இருக்காது. பையனுடைய சர்நேமே உங்கள் பழைய பெயர்தான் என்றால், அதை மாற்றுவது தனி வேலை. அது அவனுடைய பெயர் மாற்றம், அவன் பெயரில் தனியாகக் கெஜட் அறிவிப்பு வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால் அதை முடிக்க முடியுமானால் முடியுங்கள். முடியாது என்றால் அவன் சர்நேமை அப்படியே விட்டுவிட்டு, அப்பா பெயர்க் கட்டத்தில் மட்டும் புதுப் பெயரை ஏற்றலாம். கெஜட் நகலை மட்டும் அவன் கோப்பிலும் ஒன்று போட்டு வையுங்கள்.